கண்ணாடிக்கு உள்ளே கவிதா, வெளியே நான்

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் இதய அடைப்பைக் குழாய் விட்டுச் சரிசெய்யும் கேத் லேபுக்குப் புது இயந்திரம் ஒன்று வந்தது. "பாக்க வாங்க அக்கா" என்று ஜூனியர் பெண்கள் போன் செய்தார்கள். நான் ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. யாராவது கூப்பிட மாட்டார்களா என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவள், உடனே கிளம்பிவிட்டேன்.

இதயத்து ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை நுழைத்து, உள்ளே இருந்தபடியே அல்ட்ராசவுண்ட் படம் எடுக்கும் கருவி அது. ஐவஸ் என்போம். ஐவஸ் எங்களுக்குப் பழசுதான். ஆனால் இந்தப் புதுசு, ரத்தக்குழாயின் விளிம்பைத் தானே கோடு போட்டு வரைகிறது. அகலத்தைத் தானே அளக்கிறது. கால்சியம் எங்கே படிந்திருக்கிறது என்று நிறம் தீட்டிக் காட்டுகிறது. நிவேதா என்ற பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க்கா, இதையெல்லாம் முன்னாடி நீங்க கையாலயா வரைஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"மொதல்ல வரைஞ்சது நானில்ல கண்ணு. கவிதா" என்றேன்.

அந்தப் பெயரைச் சொன்னதும் நெஞ்சுக்குள் ஒரு சுருக். இத்தனை வருடங்கள் கழித்தும். ஆஸ்பத்திரியின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தொழில்நுட்பம் எப்படி வளர்ந்தது என்று எழுதினால் போதுமாம். அதை இயந்திரம் விற்கிறவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். நான் கவிதாவைப் பற்றி எழுதுகிறேன். அவள்மேல் நான் பட்ட பொறாமையைப் பற்றி எழுதாமல் என் வேலையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

என் அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளியில் படித்தேன். கல்லூரியில் பிசிக்ஸ், அப்புறம் எக்ஸ்ரே டிப்ளமோ. ஒடிந்த கைகளையும் சளி கட்டிய நெஞ்சுகளையும் படம் பிடித்துக்கொண்டிருந்த என்னை, கேத் லேப் தொடங்கியபோது டாக்டர் ரங்கநாதன் வந்து பார்த்தார். நான் எடுத்த எக்ஸ்ரே ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதை எடுத்தது யாருங்க?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "எங்ககூட வாரீங்களா?" என்றார். அவ்வளவுதான் என் இண்டர்வியூ.

டாக்டர் ரங்கநாதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசும் மில்காரக் குடும்பம். ஆர்.எஸ்.புரத்தில் பெரிய வீடு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிலிருந்து ஆஸ்பத்திரி முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் ஒரே 'ங்க'தான். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "கொஞ்சம் வெளிய நிக்கறீங்களா, சிரமத்துக்கு மன்னிக்கோணும்" என்று சொல்லிவிட்டாரென்றால், அந்த ஆள் அன்றைக்கு உள்ளே வர முடியாது என்று அர்த்தம்.

நோயாளி டேபிளில் படுத்ததும் தோளில் கை வைத்து, "எந்த ஊருங்க?" என்று கேட்பார். ஊர்ப் பெயரைச் சொன்னால், அங்கே மழை பெய்ததா என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் கையுறை போடுவார்.

எங்கள் லேபில் நோயாளியும் டாக்டரும் நர்ஸும் உள்ளே. நான் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்கு வெளியே, கட்டுப்பாட்டு அறையில். மைக்கில் பேசுவேன். டாக்டர் நோயாளியின் மணிக்கட்டு வழியாகக் குழாயை இதயம் வரைக்கும் கொண்டுபோய், 'டை' என்று நாங்கள் சொல்லும் மருந்தைப் பீய்ச்சுவார். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய்கள் கறுப்புக் கிளைகளாகத் திரையில் விரியும். அதுதான் ஆஞ்சியோகிராம். ஒரு கிளைமேல் இன்னொரு கிளை விழுந்து அடைப்பை மறைத்துவிடும். எக்ஸ்ரே எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் இரண்டும் பிரியும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. படத்தைப் பார்த்ததும், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாச்சு, கீழிருந்து பாருங்க சார்" என்பேன். திருப்புவார். கிளைகள் விலகி, அடைப்பு தனியாகத் தெரியும்.

அடைப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவர் கைகளை எடுத்து டேபிள்மேல் வைத்துவிடுவார். கண்ணாடிப் பக்கம் திரும்புவார். "என்ன தெரியுதுங்க, ஸ்டெல்லா?" என்பார்.

அவருக்குத் தெரியாததில்லை. என்னைவிட நன்றாகவே தெரியும். ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "நம்ம ரெண்டு பேருக்கும் நாலு கண்ணுங்க. ஒண்ணு தூங்கிப்போனாலும் மூணு முழிச்சிருக்கோணுமுல்லங்க" என்றார். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, "சரிங்க" என்பார். அப்புறம் ஸ்டென்ட்.

என் கல்யாணம் நின்றுபோனதும், அம்மா படுக்கையில் விழுந்ததும், அந்த வருடங்களில்தான். காலையில் பேருந்தில் வரும்போது மனம் எவ்வளவு கனத்தாலும், இன்றைக்கு ஒரு தடவையாவது அவர் திரும்பிக் கேட்பார் என்ற நினைப்பே என்னை லேப் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். இதற்கு யாரும் வேறு பெயர் வைக்க வேண்டாம். அவர் சம்சாரம் சாந்தாம்மா எனக்கு அக்கா மாதிரி. அந்தக் கேள்வி என்னுடையது என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் கவிதா வந்து சேர்ந்தாள்.

டாக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். "நாம பாக்கறது நிழலைத்தானுங்க ஸ்டெல்லா. குழாயோட சுவரை நாம பாத்ததே இல்ல" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆஞ்சியோகிராம் குழாய்க்குள் ஓடும் டையின் நிழலைக் காட்டும். சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது, உள்ளே கால்சியம் கல்லாட்டம் இறுகியிருக்கிறதா, வைத்த ஸ்டென்ட் சுவரோடு ஒட்டி உட்கார்ந்ததா என்பதெல்லாம் அதில் சரியாகத் தெரியாது. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது மாதிரி, அதை ஐவஸ் காட்டும். எனக்குப் புரிந்தது. ஆனால் 'நாம' என்று அவர் சொன்னது, இவ்வளவு நாளும் நீங்கள் பார்த்தது போதாது என்று எனக்கு மட்டும் சொன்னது போலக் கேட்டது.

கவிதாவுக்குச் சொந்த ஊர் கொடுமுடி. சென்னையில் வேலை பார்த்து ஐவஸ் கற்றுக்கொண்டவள். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்திருந்தாள். கொஞ்சம் குண்டு. தலையை எப்போதும் அவசரமாகப் பின்னியிருப்பாள். டிபன் பாக்ஸை நின்றுகொண்டே காலி செய்வாள். மனிதர்களின் பெயர் அவளுக்கு நினைவிருக்காது. நர்ஸ் புஷ்பாவை மாதக்கணக்கில் "ரோஜாக்கா" என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் ஒரு முறை பார்த்த ரத்தக்குழாயை மறக்க மாட்டாள். ஆறு மாதம் கழித்து அதே நோயாளி வந்தால், படத்தைப் பார்த்தவுடன், "இவருக்குக் கீழ ஒரு வளைவு இருக்குமுங்க சார்" என்பாள்.

ஐவஸ் இயந்திரம் உருளும் மேசையில் இருந்தது. அதை டேபிளுக்குப் பக்கத்தில்தான் வைக்க முடியும். அதனால் அவள் கண்ணாடிக்கு உள்ளே. ஈய ஏப்ரனும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, டாக்டரின் தோளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நான் வெளியே.

முதல் வாரத்திலேயே அது நடந்தது. ஒரு ஆசிரியருக்கு ஸ்டென்ட். குழாயின் அகலம் எவ்வளவு இருக்கும் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். "மூணு மில்லிமீட்டர் இருக்குமுங்க சார்." அவரும் தலையாட்டினார். அப்புறம் ஐவஸை உள்ளே விட்டு மெல்லப் பின்னால் இழுத்தார். கவிதா திரையில் கர்சரை வைத்து வட்டம் வரைந்தாள். "மூணரைங்க சார். சுவரு முழுக்கக் கொழுப்பு அடைஞ்சிருக்கறதால படத்துல சின்னதாத் தெரியுது."

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. நர்ஸிடம், "மூணரை குடுங்க" என்றார்.

அரை மில்லிமீட்டர். சின்ன ஸ்டென்ட் வைத்திருந்தால் சுவரோடு ஒட்டாமல் நின்று, பின்னால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த ஆசிரியருக்கு அது நல்லது. எனக்குத் தெரியும். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் தலை திரும்பும் திசை மாறியது. கைகளை டேபிள்மேல் வைப்பார். நான் மைக்கின் பொத்தானில் விரல் வைத்துத் தயாராக இருப்பேன். அவர் இடது பக்கம் குனிந்து, "என்ன தெரியுது அம்மணி?" என்பார்.

அம்மணி! எனக்கு எப்போதும் 'ங்க'. ஸ்டெல்லா, சொல்லுங்க. ஸ்டெல்லா, பாருங்க. லேபில் இருந்த அத்தனை பேருக்கும் அளந்து கொடுத்த மரியாதை அது. அவளுக்கு மட்டும் அம்மணி. நேற்று வந்தவளை வீட்டுப் பெண்ணாக்கிவிட்டார். இத்தனை வருடமாக இருக்கும் நான் இன்னும் விருந்தாளி.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவளுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். "ஸ்டெல்லாக்கா, நீங்க மட்டும் கோணத்தைச் சரியாச் சொல்லலீன்னா நான் எங்க இருக்கறேன்னே எனக்குத் தெரியாதுங்க்கா" என்பாள். கொடுமுடியிலிருந்து வரும்போது ஆற்றங்கரைக் கோயில் பிரசாதம் கொண்டுவருவாள். "நீங்க வேதக்காரங்க, சாப்புடுவீங்களா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அப்புறம் கேட்காமலே கொடுப்பாள். நானும் சாப்பிடுவேன். இனிப்பாகத்தான் இருக்கும்.

பழனிசாமி என்கிற பெரியவர் வந்தது அந்தக் காலத்தில். வெள்ளகோவிலில் விசைத்தறி வைத்திருந்தவர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்து காது மந்தமாகிவிட்டது. அதனால் அவர் பேசினாலே கத்துவது போல இருக்கும். நாலடி நடந்தால் நெஞ்சு வலி. ஆஞ்சியோகிராம் எடுத்தோம். நான்தான் கோணங்கள் சொன்னேன்.

இதயத்தின் இடது பக்கத்துக்கு ரத்தம் கொடுக்கும் பிரதான குழாய்க்கு லெஃப்ட் மெயின் என்று பெயர். அது கொஞ்ச தூரம் போய் இரண்டாகப் பிரியும். அவருக்கு அந்தக் கவட்டையிலேயே அடைப்பு. போதாததற்கு, டை விடாமலே எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்குக் கால்சியம். இப்படிப்பட்டவர்களைப் பைபாஸுக்கு அனுப்புவதுதான் வழக்கம். ஆனால் அவர் நுரையீரல் பஞ்சுத் தூசியில் கெட்டிருந்தது. மயக்க மருந்து தாங்காது என்று சர்ஜன்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்டென்ட் வைக்கலாம் என்றால் சிறுநீரகமும் பலவீனம். வழக்கமான அளவுக்கு டை விட்டால் அது ஒரேயடியாகப் போய்விடும்.

டாக்டர் பெரியவரின் சம்சாரத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். சரஸ்வதி என்று பெயர். ஒல்லியான அம்மாள். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புடியே உட்டா என்னங்க ஆகும்?"

"எப்ப வேணாலும் எதுவும் ஆகலாமுங்க."

"செஞ்சா?"

"செய்யறப்பவும் ஆகலாமுங்க. ஆனா செஞ்சு முடிச்சுட்டா அவரு நடப்பாரு."

அந்த அம்மாள் முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "உங்க கூடப்பொறந்தவரா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"செய்வனுங்க" என்றார் டாக்டர்.

அன்று மாலை எங்களைக் கூப்பிட்டு, எப்படிச் செய்யப் போகிறோம் என்று விளக்கினார். டை கிட்டத்தட்ட இல்லாமலே செய்ய வேண்டும். ஏற்கனவே எடுத்த ஆஞ்சியோகிராமை ஒரு திரையில் நிறுத்தி வைத்து, அதே கோணத்தில் எக்ஸ்ரேயைத் திருப்பி, அதை வரைபடம் மாதிரி வைத்துக்கொண்டு, கருவிகளுக்கு வழிகாட்டும் மெல்லிய வயரை ஓட்ட வேண்டும். மற்றதெல்லாம் ஐவஸ். "கவிதாதான் நமக்குக் கண்ணுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கோணம் இம்மி நகரக் கூடாதுங்க ஸ்டெல்லா" என்றார். டை இல்லையென்றால் என் திரையில் ரத்தக்குழாயே தெரியாது. வயரும் எலும்பும் கால்சியத்தின் மங்கலான நிழலும்தான் இருக்கும். எனக்குக் குருட்டுத் திரை, அவளுக்கு வெளிச்சம்.

மறுநாள் காலையில் பெரியவரை டேபிளில் படுக்க வைத்தார்கள். டாக்டர் தோளில் கை வைத்து, ஊரில் மழையா என்று கேட்டார்.

"மழையா? மழையக் கண்டு எத்தன நாளாச்சுங்க!" லேபே அதிர்ந்தது. கவிதா சிரித்துவிட்டாள்.

நான் பழைய படத்தைத் திரையில் நிறுத்தினேன். கோணம் சொன்னேன். டாக்டர் திருப்பினார். விலா எலும்பின் விளிம்பு பழைய படத்தில் இருந்த அதே இடத்துக்கு வரும் வரைக்கும் திருத்தச் சொன்னேன். இரண்டு கிளைகளுக்கும் வயர் போனது. ஐவஸ் குழாய் போக மறுத்தது. கால்சியம் அவ்வளவு இறுகியிருந்தது. சின்ன பலூனை ஊதி வழி செய்த பிறகு போனது.

"முழு வட்டமும் கால்சியமுங்க சார்" என்றாள் கவிதா. "வெள்ள வளையமாட்டச் சுத்திக் கெடக்குது. இப்புடியே ஸ்டென்ட் வெச்சா விரியாதுங்க."

வைரத்துகள் பதித்த நுனி கொண்ட, சுழன்று அரைக்கும் கருவியை டாக்டர் எடுத்தார். சில நொடிகள் ஓட்டுவார், நிறுத்துவார், இதயத் துடிப்பைப் பார்ப்பார், மறுபடி ஓட்டுவார். பல் டாக்டரிடம் கேட்கும் சத்தம் மாதிரி இருக்கும். பெரியவருக்கு அது கேட்டுவிட்டது. "ஏனுங்க, இங்கயும் தறி ஓட்டறீங்களா?" என்று கத்தினார். டாக்டர், "ஆமாங்க, கொஞ்சம் அசையாம இருங்க" என்றார்.

அரைத்து, பலூனை அழுத்தமாக ஊதி, மறுபடி ஐவஸ். "வளையம் ஒடஞ்சிருச்சுங்க சார்!" கவிதாவின் குரலில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம். எந்த அகலத்தில் ஸ்டென்ட், எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, அந்தந்த இடத்தில் ஐவஸ் நுனி நிற்கும் எக்ஸ்ரே படத்தை நான் நிறுத்தி, திரையில் குறி வைத்தேன். அவள் பார்ப்பாள். அவள் பார்த்ததற்கு நான் கோடு போடுவேன். ஸ்டென்ட் லெஃப்ட் மெயினிலிருந்து பெரிய கிளைக்குள் இறங்கி உட்கார்ந்தது.

பார்ப்பதற்குத் துளியளவு டை விட்டார். என் திரையில் குழாய் ஒரு கணம் கறுப்பாக ஓடி மறைந்தது. அழகாக இருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக டாக்டர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

"எப்படிங்க ஸ்டெல்லா?"

"நல்லா வந்திருக்குதுங்க சார்."

அந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது. அதை அனுபவிப்பதற்குள் பெரியவர் கத்தினார். "நெஞ்ச அமுக்குதுங்க! யாரோ மேல உக்காந்தாப்பல இருக்குதுங்க!"

எனக்கு முன்னாலிருந்த திரையில் ரத்த அழுத்தத்தின் கோடு இறங்கத் தொடங்கியது. மைக்கில் சொன்னேன். நர்ஸ் மருந்தை ஏற்றினார். டாக்டர் இன்னொரு துளி டை விட்டார். ஸ்டென்ட் நன்றாகத்தான் இருந்தது. அது முடிகிற இடத்துக்குக் கீழே மட்டும் குழாய் மெலிந்து தெரிந்தது. கருவிகள் உரசினால் குழாய் சில சமயம் தானாகச் சுருங்கிக்கொள்ளும். ஸ்பாசம் என்போம். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். படத்தில் பார்க்க அப்படித்தான் இருந்தது.

"கீழ சுருங்கியிருக்குதுங்க சார். ஸ்பாசமாட்டத் தெரியுது" என்றேன்.

டாக்டர் ஐவஸை மறுபடி உள்ளே விட்டு இழுத்தார். கவிதா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"ஸ்பாசம் இல்லீங்க சார். ஸ்டென்ட் முடியற எடத்துல சுவரு லேசாக் கிழிஞ்சு, சுவத்துக்குள்ள ரத்தம் தேங்கியிருக்குது. அது வெளிய இருந்து வழியை அமுக்குதுங்க."

இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஸ்பாசம் என்றால் காத்திருக்கலாம். சுவருக்குள் ரத்தம் என்றால் காத்திருக்கக் கூடாது. அது கீழே கீழே பரவி மொத்தக் குழாயையும் மூடிவிடும். தேங்கிய ரத்தத்தைத் தாண்டி நல்ல சுவர் தொடங்கும் இடம் வரைக்கும் இன்னொரு ஸ்டென்ட் வைத்து மூட வேண்டும். அந்த இடத்தைத் தவறவிட்டால் ரத்தம் இன்னும் கீழே தள்ளப்படும்.

டாக்டர் தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். என்னிடம் எதையும் கேட்கவில்லை. குனிந்து, "எங்க முடியுது அம்மணி?" என்றார்.

அவள் சொன்னது தப்பாகிப் போகட்டும் என்று நான் நினைக்கவில்லை. டேபிளில் ஒரு உயிர் கிடக்கிறது, அப்படி நினைக்க நான் பேயல்ல. ஆனால் அதை நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கக் கூடாதா. அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், என் விரல்கள் தவறில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தபோதும், நெஞ்சுக்குள் அது ஒரு ஓரமாக உட்கார்ந்து எரிந்துகொண்டேதான் இருந்தது.

"இங்க நல்ல சுவருங்க சார். நில்லுங்க" என்றாள் கவிதா. நான் படத்தை நிறுத்தினேன். குறி வைத்தேன். "குறி வெச்சாச்சுங்க சார்." ஸ்டென்ட் என் குறிக்கு வந்து நின்றது. "திரையில அரை விரக்கடை மேல... போதுமுங்க" என்றேன். பலூன் விரிந்தது.

அழுத்தத்தின் கோடு உடனே ஏறவில்லை. கொஞ்ச நேரம் தரையோடு கிடந்தது. அப்புறம் ஒரு துடிப்பு கொஞ்சம் உயரமாக வந்தது. அடுத்தது அதைவிட உயரம். மைக்கில் நான் எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"முடிஞ்சுதுங்களா?" என்று கத்தினார் பழனிசாமி. "காப்பி கெடைக்குமுங்களா?"

டாக்டர் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். அவர் முதுகெல்லாம் வேர்த்திருந்தது. ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே கவிதாவிடம், "போ அம்மணி, மொதல்ல நீ போயி எதாச்சும் சாப்புடு" என்றார். பிறகு என் அறைக்கு வந்து, "ரொம்ப நன்றிங்க ஸ்டெல்லா" என்றார். முழு மரியாதையோடு.

வெளியே சரஸ்வதி அம்மாள் காத்திருந்தார். டாக்டர் கவிதாவைக் காட்டி, "இந்தப் புள்ளதானுங்க கண்டுபுடிச்சுச்சு" என்றார். அந்த அம்மாள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். யாராவது என்னையும் காட்டுவார்கள் என்று ஒரு நிமிடம் நின்றிருந்தேன். அப்புறம் உடை மாற்றப் போய்விட்டேன்.

பெரியவருக்குச் சிறுநீரகம் தப்பியது. பிறகு செக்கப்புக்கு வந்தபோதெல்லாம் ஊரிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவருவார். "அந்த அம்மணி எங்கீங்க?" என்று வரவேற்பறையிலிருந்தே கத்துவார். கவிதா அதில் பாதியைப் பிரித்து என் பையில் வைத்துவிடுவாள். சாம்பார் வைப்பேன். நல்ல சதைப்பற்றுள்ள காய். ருசியாக இருப்பதே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

சில வருடங்கள் கழித்துக் கவிதாவுக்கு அவினாசி ரோட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. போகும் நாளன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் மறுநாள் காலையில் நல்ல சேலையாகத் தேடி எடுத்து உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அவள் நாற்காலி எனக்கு வந்தது. வெளியே என் இடத்தில் புதுப்பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். நான் ஐவஸ் படிக்கக் கற்றேன். இயந்திரக் கம்பெனி ஆட்கள் சொல்லிக்கொடுத்தார்கள். புரியாததைக் கவிதாவுக்கே போன் போட்டுக் கேட்டேன். அவள் ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை. நன்றாகவே கற்றேன். டாக்டரின் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "கால்சியம் முக்கா வட்டமுங்க சார்" என்று சொன்னேன். "சரிங்க" என்றார். நான் ஆசைப்பட்ட இடம் எனக்குக் கிடைத்தது. ஆனால் கடினமான கேஸ் வந்தால் அவர் ஒரு நொடி தயங்குவது எனக்குத் தெரியும். கவிதா இருந்தால் என்று அவர் நினைக்கிறார் என்று நானே நினைத்துக்கொள்வேன். நினைத்தாரோ இல்லையோ.

அதுவும் நீடிக்கவில்லை. வருடக்கணக்கில் ஈய ஏப்ரனைச் சுமந்து அவர் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. சீக்கிரமே டேபிளை விட்டு விலகினார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, நர்ஸ் புஷ்பா கேன்டீனில் என்னிடம் கேட்டார்: "ரங்கநாதன் சாருக்கு ஸ்டென்ட் வெச்சாங்களாமே, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. நடைப்பயிற்சியின்போது நெஞ்சு இறுகியிருக்கிறது. லெஃப்ட் மெயினில் அடைப்பு. செய்தது அவினாசி ரோடு ஆஸ்பத்திரியில். ஐவஸ் பார்த்தது கவிதா.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவரே தொடங்கிய லேப் இது. அவர் பழக்கிய டாக்டர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர் தேர்ந்தெடுத்த நான் இங்கேதான் இருக்கிறேன். அவர் தன் இதயத்தைத் தூக்கிக்கொண்டு கவிதாவிடம் போயிருக்கிறார்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆர்.எஸ்.புரம் வீட்டுக்குப் போனேன். சாந்தாம்மா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனார். டாக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இளைத்திருந்தார். நலம் விசாரித்தேன். ஆஸ்பத்திரிக் கதைகள் சொன்னேன். கேட்காமல் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது.

"ஏனுங்க சார், நம்ம லேபுக்கு வந்திருக்கலாமுல்லங்க? நான் பாத்திருக்க மாட்டனுங்களா?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கவிதா அளவுக்கு எனக்கு வராதுன்னுதானுங்களா?"

"அதில்லீங்க ஸ்டெல்லா" என்றார். "உள்ள நிக்கறவங்க எல்லாரும் மூஞ்சிய மூடியிருப்போம். கண்ணாடிக்கு வெளிய நீங்க ஒருத்தருதான் மூடாம இருப்பீங்க. இத்தன வருசம் கேஸ் எப்படிப் போகுதுன்னு நான் உங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டனுங்க. அந்தத் தறிக்காரருக்குச் சரிவந்துரும்னு அப்பவே எனக்குத் தெரியும். நீங்க பயந்திருந்தீங்க, ஆனா வேலையில இருந்து கையை எடுக்கல. அதனாலதான் கவிதா சொன்னதைத் தைரியமாச் செஞ்சேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "இப்ப டேபிள்ல கெடக்கறது நானுங்க. எத மூடிக்கிட்டாலும் உங்க கண்ணு காட்டிக்குடுத்துருமுங்க. என்ன ஆகப்போகுதுன்னு நான் மொதல்லயே தெரிஞ்சுக்க வேண்டாம்னு பாத்தேன்."

ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரித்து அவருக்குக் கொடுத்தேன். அவர் சுளைகளைப் பிரித்து எனக்கும் இரண்டு கொடுத்தார்.

அது உண்மைதானா, என் மனம் நோகக் கூடாது என்று சொன்னதா என்று எனக்குத் தெரியாது. மனிதர்களைத் தேற்றுவது அவருக்கு நன்றாக வரும். ஆனாலும் தெருவில் இறங்கி நடந்தபோது கால் தரையில் பாவவில்லை. கண்ணாடிப் பக்கம் அவர் திரும்பிய ஒவ்வொரு தடவையையும் மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரைக்கும் வந்துவிட்டேன்.

பேருந்தில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. கவிதா.

"ஸ்டெல்லாக்கா, சாரைப் பாக்கப் போயிருந்தீங்களாமா? சாந்தாம்மா சொன்னாங்க. உங்ககிட்ட மொதல்லயே சொல்லோணும்னு இருந்தனுங்க்கா, சாருதான் வேண்டாம்னுட்டாரு. பயப்படாதீங்க்கா, எல்லாம் அருமையா வந்திருக்குது. சாரோட லெஃப்ட் மெயின் எவ்வளவு பெருசுன்னு நெனைக்கறீங்க? நான் பாத்ததுலயே அவ்வளவு பெரிய குழாய் இல்லீங்க்கா. ஸ்டென்ட் சுத்தியும் சுவத்தோட ஒட்டி, வட்டம்னா வட்டம், அப்புடியொரு வட்டம்..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் "சந்தோஷம் கண்ணு" என்றேன். சந்தோஷம்தான், பொய்யில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அந்த வட்டத்தை அவள் பார்த்திருக்கிறாள். என்னால் காதால் கேட்கத்தான் முடிந்தது.